மச்சான் கையில கயிறு

மருமவனே, கேஸு போட்டுட்டீரு. நல்ல காரியம். ஊர்ல எல்லாவனும் போடுதான், நீரு மட்டும் போடலைன்னா நம்ம குடும்பத்துக்கு என்ன மரியாதை? மனுவைக் கொண்டாந்து "மாமா, வாசிச்சுப் பாரும்"னு என் கையில குடுத்தீரு. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு வாசிச்சேன். உம்ம பொண்டாட்டியைப் பத்தி பத்துப் பக்கம். மாமியாரைப் பத்தி மூணு பக்கம். மச்சானுக்கு ஒரு முழுப் பக்கம். பிள்ளையைப் பத்தி கடைசியில ஒரு பாரா, அதுலயும் பொறந்த தேதி தப்பு.

"மனுதாரர் தன் மகளை உயிருக்குயிராய் நேசிக்கிறார்"னு வக்கீல் எழுதியிருக்காரு. எழுதட்டும், அவரு பிழைப்பு. உசுருக்கு உசுரான பிள்ளை எந்த மாசம் பொறந்ததுன்னு குமாஸ்தா மாத்தி டைப் அடிச்சிட்டான்னா, கையெழுத்துப் போடும்போதாவது நீரு பார்த்திருக்க வேண்டாமா? பார்க்கலை. ஏன்னா நீரு வாசிச்சது முன்னால இருக்க பத்துப் பக்கத்தை. ருசியா இருந்திருக்கும்.

அதைவிட அழகு, கேஸைப் போட்ட இடம். பிள்ளை தாயோட இருக்கது மெட்ராஸ் ராயபுரத்துல, உம்ம மச்சான் வீட்டுல. அங்கனதான் ரெண்டாப்பு படிக்கா. நீரு மனுப் போட்டது தூத்துக்குடியில. ஏம்வேன்னு கேட்டா, "வக்கீலு பக்கத்துத் தெரு மாமா, வாய்தாவுக்குப் போய்வர சௌகரியம்"ங்கீரு. 1890-ல வெள்ளைக்காரன் போட்ட கார்டியன்ஸ் அண்ட் வார்ட்ஸ் சட்டம்னு ஒண்ணு இருக்கு. இன்னிக்கும் அதுதான் ஓடுது. பிள்ளை வழக்கமா எங்கன குடியிருக்கோ அந்த ஊர்க் கோர்ட்டுலதான் காப்பாளர் மனுப் போடணும்னு 9-ஆம் பிரிவுல இருக்கு. அப்பன் குடியிருக்க ஊருன்னு எழுதலை. வக்கீல் குடியிருக்க தெருன்னும் எழுதலை. எதிர்த்தரப்பு முதல் வாய்தாவுலயே இதைத்தான் பிடிப்பான். இழுத்தடிச்சு "இந்தக் கோர்ட்டுக்கு அதிகாரம் இல்லை"ன்னு காகிதம் திரும்பி வருதப்போ, கப்பல்ல வேலை பார்க்கிற உமக்கு அடுத்த கப்பல் வந்திருக்கும்.

இதே குழியில விழுந்து லண்டன் வரைக்கும் போய்த் தோத்த தகப்பன் ஒருத்தரு உண்டும். நாராயணய்யான்னு பேரு. ரெவின்யூவுல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவரு. பொஞ்சாதி 1905-லயே தவறிட்டா. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு 1909-ல அடையாறு தியாசாபிக்கல் சொசைட்டிக்கு வேலைக்கு வந்தாரு. அங்கன இருந்த பெரிய மனுசங்க ரெண்டு பிள்ளைங்களைப் பார்த்து, அதுல மூத்தவன் உலகத்துக்கே குருவாகப் போறவன்னு முடிவு பண்ணிட்டாங்க. 1910-ல "பிள்ளைங்களுக்கு நீங்களே காப்பாளர்"னு சொசைட்டித் தலைவி அன்னி பெசன்ட் அம்மாவுக்கு இவரே கையெழுத்துப் போட்டுக் குடுத்தாரு. அந்த அம்மா இங்கிலாந்துக்குக் கூட்டிக்கிட்டுப் போயிட்டாங்க. பொறவுதான் இவருக்குப் பதறுச்சு. 1912-ல செங்கல்பட்டுக் கோர்ட்டுல கேஸு. அது மெட்ராஸ் ஐகோர்ட்டுக்குப் போச்சு. இவருக்கு வக்கீலு யாரு தெரியுமா? சி.பி. ராமசாமி ஐயரு. அந்த அம்மா வக்கீலே வைக்காம தானே எந்திரிச்சு வாதாடுனாங்க. 1913-ல தகப்பன் ஜெயிச்சாரு. அப்பீல்லயும் ஜெயிச்சாரு. சி.பி. ஜெயிக்காம வேற எவம் ஜெயிப்பான்?

1914-ல லண்டன் பிரிவி கவுன்சில்காரன் ஒரே அடியில எல்லாத்தையும் கவுத்தான். பிள்ளைங்க இங்கிலாந்துல படிச்சுக்கிட்டு இருக்கையில செங்கல்பட்டுல குடியிருக்காங்கன்னு எப்படிச் சொல்லலாம்னு கேட்டான். அதோட விட்டானா? இத்தனை வருசமா இத்தனை பேர் அடிச்சிக்கிட்டீங்களே, அந்தப் பிள்ளைங்க என்ன நினைக்குன்னு எவனாவது கேட்டீங்களாலேன்னும் கேட்டுப்புட்டான். மூத்தவனுக்கு அப்ப வயசு பத்தொம்பதை நெருங்கியாச்சு. அந்தப் பிள்ளைதான் ஜே. கிருஷ்ணமூர்த்தி. அந்த அம்மா அவருக்காகக் கட்டிவச்ச சங்கத்தை 1929-ல அவரே கலைச்சுப் போட்டுட்டு, குருவும் வேண்டாம் சீடனும் வேண்டாம்னு கிளம்பிட்டாரு. அந்தப் பக்கம் ஒரு கை, இந்தப் பக்கம் ஒரு கைன்னு இழுத்த பிள்ளை ரெண்டு கையையும் உதறிட்டுப் போச்சு. ஐகோர்ட்டு வக்கீலெல்லாம் மேடையில இன்னும் அந்த வாதத்தைப் புகழ்ந்து பேசுவாங்க. தகப்பன் கைக்குப் பிள்ளை வந்துச்சான்னு மட்டும் பேச மாட்டாங்க.

இதெல்லாம் மாமாவுக்கு எப்படித் தெரியும்னு முழிக்காதீரும். தோணியில கொழும்புக்குப் போறவனுக்கு நடுக்கடல்ல காத்து விழுந்துட்டா புஸ்தகத்தை விட்டா வேற நாதியில்லை. சீட்டு ஆடலாம்தான். ஆடித் தோத்துட்டுத்தான் புஸ்தகத்துக்கு வந்தேன்.

சரி, மனுவுல மச்சானுக்குக் குடுத்திருக்க அந்த ஒரு பக்கத்துக்கு வாரேன். "மேற்படி நபர் மனுதாரரின் குடும்ப விவகாரத்தில் தேவையின்றித் தலையிடும் மூன்றாம் நபர்." ஆகா! மூணாம் நபராம். நீரு கப்பல் வேலைக்குச் சிடிசி எடுக்க ஓடுனப்போ கூட ஓடுனது யாரு? எஸ்டிசிடபிள்யூ கோர்ஸுக்கு ஃபீஸ் கட்டுனது யாரு? முதல் கப்பல் ஏறுறதுக்கு முன்னால மெடிக்கலுக்கு மெட்ராஸ்ல தங்க இடம் குடுத்தது எவன் வீடு? அப்பல்லாம் "மச்சான் மாதிரி வருமா"ன்னீரு. இப்ப மூணாம் நபர். வாங்குன பணத்துல பாதி இன்னும் பாக்கின்னு உம்ம அம்மாவே சொன்னா. அது மனுவுல இல்லை. இடம் பத்தலை போலிருக்கு.

உமக்கு நம்ம கடல் தெரியாது வே. பெரிய பெரிய கப்பல்ல போயிருக்கீரு, அது வேற. தொல்லாயிரம் பார்ல முத்துக்குளிச்ச கதையைக் கேளும். கால் நுழைக்க வளையம் கட்டின கல்லு ஒரு கயித்துல தொங்கும். சிப்பி அள்ளுற வலைப்பை இன்னொரு கயித்துல. குளிக்கிறவரு மூச்சை இழுத்து அடக்கிக்கிட்டு கல்லோட சரசரன்னு இறங்குவாரு. அஞ்சாறு பாகம் ஆழமும் இருக்கும், ஒம்பது பத்துப் பாகமும் இருக்கும். கீழ அவருக்கு இருக்கது ஒரு நிமிசம், மிஞ்சிப்போனா அதுக்கு மேல இன்னும் கொஞ்சம். கயிறு ஒரு வெட்டு வெட்டுச்சுன்னா மேல இருக்கவன் இழுக்கணும். பீடி பத்தவச்சிட்டு இழுக்கேன், அந்தக் கதையை முடிச்சிட்டு இழுக்கேன்னா கீழ இருக்கவரு சோலி முடிஞ்சிரும்.

அந்தக் கயித்தை யாரு கையில குடுப்பாங்க? கூடப்பொறந்த அண்ணன் தம்பி கையில குடுக்க மாட்டாங்கன்னு கடற்கரையில சொல்லுவாங்க. அண்ணன் தம்பிக்குச் சொத்துல கண்ணு இருக்கும். மச்சான் கையிலதான் குடுக்கணும். தன் அக்கா தங்கச்சி தாலி அந்தக் கயித்துல தொங்குதுன்னு அவனுக்குத் தெரியும், விட மாட்டான். எவ்வளவு கணக்கா யோசிச்சிருக்கான் பாரும் நம்ம ஆளு. அன்பை நம்பலை, பாசத்தை நம்பலை, தங்கச்சி தாலியை நம்புனான்.

எங்க அப்பாவுக்குக் கயிறு பிடிச்சது எங்க அம்மாவோட தம்பி. எங்க அம்மா ஒரு தடவை கோவிச்சுக்கிட்டுப் பிள்ளைங்களோட பொறந்த வீட்டுல போய் இருந்துட்டா. தப்பு யார் மேலங்கது உமக்கு வேண்டாம், செத்துப்போன ரெண்டு பேரையும் இப்ப எழுப்பி விசாரிக்க முடியாது. அந்தக் காலத்துலயும் மாமா விடியக்காலம் வந்து வள்ளத்துல ஏறிருவாரு. எங்க அப்பாகிட்ட ஒரு வார்த்தை கிடையாது. மூஞ்சியைக் கூடப் பார்க்க மாட்டாரு. அப்பா மேல வந்து விளிம்பைப் பிடிச்சுக்கிட்டு மூச்சு வாங்குதப்போ, எங்கயோ பார்த்தபடி பீடியைப் பத்தவச்சு கையை மட்டும் நீட்டுவாரு. சாயங்காலம் என்னைத் தோள்ல தூக்கிக்கிட்டு எங்க அப்பா இருக்க வீட்டு வழியாத்தான் கடைக்குப் போவாரு. கடைக்கு வேற நேர் வழி இருந்துச்சு. வாசல்ல நின்னு செருப்பு வார் அறுந்த மாதிரி குனிஞ்சு நோண்டிக்கிட்டே நிப்பாரு. அதுக்குள்ள எங்க அப்பா என்னைத் தூக்கி வச்சிருந்து திருப்பிக் குடுத்திருவாரு. மாமா காலுல பல நாள் செருப்பே கிடையாதுன்னு எனக்கு ரொம்பப் பொறவுதான் உறைச்சுச்சு.

1961-க்குப் பொறவு இந்தக் கடல்ல பெருசா முத்துக்குளிப்பு நடக்கலை. இப்ப சங்கு குளிக்கிறவன் கம்ப்ரசர் குழாயை வாயில கவ்விக்கிட்டு இறங்குதான். மச்சானுக்கு வேலை போச்சு. அதனாலதான் மூணாம் நபர் ஆயிட்டான் போல.

இப்ப உம்ம பிள்ளைக்குப் போற கயிறு எவன் கையில இருக்கு? ராயபுரத்துல அந்த மூணாம் நபர் கையில. காதுகுத்துக்கு மடியில வச்சவன் அவன். ஸ்கூலுக்குக் கொண்டு விடுறவன் அவன். உம்ம மேல அவனுக்கு இருக்க கோவம் தங்கச்சி அழுததைப் பார்த்த கோவம்வே, அதுல நியாயம் இருக்கு. நீரு அந்த எடத்துல இருந்தா என் மண்டையை உடைச்சிருப்பீரு. முதல் வேலையா அந்தப் பாக்கிப் பணத்தைக் குடும். கூடவே "சவம், எடுத்துக்கோ"ன்னு ஒரு மெசேஜ் அனுப்பித் தொலைச்சிராதீரும். பணத்தைப் போட்டுட்டு வாயை மூடும். இந்த வக்கீல் ஃபீஸ்ல கால்வாசிதான் அது.

"அப்பன்தானே மாமா கார்டியன், சட்டத்துலயே இருக்குல்லா"ன்னு டீக்கடையில சத்தம் போட்டீராமே. இருக்கு. 1956-ஆம் வருசத்து இந்து மைனர் சட்டத்துல இருக்கு. நீரு தாலி கட்டுனது பனிமய மாதா கோயில்ல. உமக்கு 1869-ஆம் வருசத்து விவாகரத்துச் சட்டம், அப்புறம் நான் சொன்ன 1890. இந்துவா இருந்தாலும் அந்த வாய்ச்சவடால் செல்லாது. அஞ்சு வயசுக்குக் கீழ உள்ள பிள்ளை சாதாரணமா தாய்கிட்டதான் இருக்கணும்னு அதே பிரிவுல அடுத்த வரியில போட்டிருக்கான். அப்பன் உசுரோட இருந்தாலும் தாயும் காப்பாளரா இருக்கலாம்னு 1999-ல சுப்ரீம் கோர்ட்டு சொல்லிருச்சு. கீதா ஹரிஹரன்னு ஒரு எழுத்தாளரம்மா ரிசர்வ் பேங்க்கையே எதிர்த்து நின்னு வாங்குன தீர்ப்பு. நம்ம ஆளுங்க கேஸு வேணும்னா 1973-ல ஒண்ணு இருக்கு. மெட்ராஸ்ல இருந்து சுப்ரீம் கோர்ட்டு வரைக்கும் போன கிறிஸ்தவத் தம்பதி. புருசன் வக்கீலு வேற, கேக்கணுமா. பிள்ளைங்க தட்டுமுட்டுச் சாமானும் கிடையாது, பெத்தவங்க விளையாடுற பொம்மையும் கிடையாதுன்னு ஜட்ஜு சொல்லிவிட்டாரு. யாருக்கு உரிமை பெருசுன்னு கோர்ட்டு பார்க்கலை, பிள்ளைக்கு எது நல்லதுன்னுதான் பார்த்துச்சு. வெவரம் தெரிஞ்ச பிள்ளைன்னா ஜட்ஜு தன் ரூமுக்குள்ள கூப்பிட்டுக் கேப்பாரு. உம்ம மவ அப்ப என்ன சொல்லுவான்னு யோசிச்சீரா? "அப்பாவா? போன்ல வருவாங்க"ன்னுதான் சொல்லுவா.

"அவ பிள்ளைகிட்ட என்னைப் பத்தி விஷத்தை ஊத்துதா"ங்கீரு. ஊத்துதாளோ என்னமோ. பிள்ளை மனசைத் திருப்புற அந்தப் பழக்கத்தைப் பத்தி 2017-ல சுப்ரீம் கோர்ட்டே பேசியிருக்கு. ஆனா அந்தக் கேஸுல பிள்ளையைக் கையில வச்சிருந்தது அப்பன். கோர்ட்டு பிள்ளையைத் தாய்கிட்ட குடுத்துச்சு. அதனால இந்த வாதத்தைத் தூக்கிக்கிட்டுப் போகும்போது கொஞ்சம் சூதானமாப் போவும்.

பங்குச்சாமிகிட்டயும் போயிருக்கீரு. அவரு என்ன சொன்னாராம்? "ஜெபம் பண்ணுங்க." சரிதான். அவரு வேற என்ன செய்வாரு, உமக்காக ராயபுரம் போய் வாசல்ல நிப்பாரா?

ஒண்ணு கேக்கேன், கோவப்படாதீரும். கையை நீட்டுனீரா? பெருசா ஒண்ணும் இல்லை, சும்மா ஒரு தடவைங்கீரா? அப்ப நான் இதுவரைக்கும் சொன்னதை எல்லாம் அழிச்சிரும். 2005-ல வந்த குடும்ப வன்முறைச் சட்டத்துல மாஜிஸ்திரேட்டு பிள்ளையைத் தாய்கிட்ட விட்டுட்டு, அப்பன் பார்க்கிறதே பிள்ளைக்குக் கெடுதல்னு தோணுச்சுன்னா பார்க்கவே கூடாதுன்னும் உத்தரவு போடலாம். போடணும். எல்லா அப்பனும் பிள்ளையோட சேர வேண்டியவன்னு எவனும் எழுதி வைக்கலை. குடிச்சிட்டுப் பிள்ளை முன்னால தட்டை விட்டெறியிறவன் முதல்ல சாராயத்தை விட்டுட்டு வரட்டும், பொறவு பிள்ளையைப் பார்க்கட்டும். நீரு அப்படி இல்லைன்னு உம்ம அம்மா சத்தியம் பண்ணுதா. அவ சத்தியத்தை நான் பாதிதான் எடுத்துக்கிடுவேன். பெத்தவ அவ.

ஜீவனாம்சம் குடுக்கீரா? "பிள்ளையைக் காட்டட்டும், குடுக்கேன்"ங்கீரு. அந்தக் கதையே பேசக் கூடாது. பிள்ளைக்குப் பாலும் ஃபீஸும் நீரு பார்த்த மாசத்துக்கு மட்டும்னு கிடையாது. முன்ன ஜீவனாம்சப் பிரிவுக்கு 125-ங்கிற நம்பர் இருந்துச்சு, 2024 ஜூலையில இருந்து புதுச் சட்டத்துல 144. நம்பர் மாறிருச்சு, கடன் மாறலை. கப்பல்ல சம்பளம் வந்த அன்னிக்கே அனுப்பிரும். அவ கேட்டு நீரு குடுத்தா அது ஜீவனாம்சம். கேக்காம தேதி தப்பாம போச்சுன்னா, அந்த மச்சான்காரன் மனசுக்குள்ள கணக்கு எழுதிக்கிடுவான்.

அடுத்தது, நீரு கேட்டிருக்க தேதி. "ஒவ்வொரு சனி ஞாயிறும் குழந்தையை மனுதாரரிடம் ஒப்படைக்க வேண்டும்." சிரிச்சு சிரிச்சு எனக்கு இருமல் வந்துருச்சு. வருசத்துல ஒம்பது மாசம் நீரு எந்தச் சமுத்திரத்துல கிடக்கீருன்னு உமக்கே தெரியாது. சனிக்கிழமை பிள்ளையை எங்கன ஒப்படைக்கணும், சிங்கப்பூர் நங்கூரத்துலயா? ஜட்ஜு இதைத்தான் முதல்ல கேப்பாரு. நீரு திருதிருன்னு முழிப்பீரு. வக்கீலு "தேதி வேணும் ஐயா"ன்னு வாய்தா கேப்பாரு.

உமக்கு ஏத்த மாதிரி கேளும்வே. லீவுல ஊர்ல இருக்க மாசத்துல இத்தனை நாளுன்னு சேர்த்துக் கேளும். மாதா கோயில் கொடியேத்தம் ஜூலை 26-ல இருந்து திருவிழா ஆகஸ்ட் 5 வரைக்கும் நடக்கு, அந்தப் பதினோரு நாள்ல சில நாள் பிள்ளை ஆச்சி வீட்டுல இருக்கட்டும்னு கேளும். ஊரே கூடுற நாளு, மாட்டேன்னு சொல்ல அவங்களுக்கும் வாய் வராது. கப்பல்ல இருக்கப்போ வீடியோ கால். 2020-ல ஒரு தீர்ப்புல சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கு, பிள்ளைக்கு ரெண்டு பேர் பாசமும் உரிமை, நேர்ல பார்க்க முடியாதவங்க வீடியோவுல பார்க்கணும்னு. ஆனா பிள்ளை முழிச்சிருக்க நேரத்துக்குக் கூப்பிடணும். நீரு வாட்ச் முடிச்சு எந்த ராத்திரியில ஃப்ரீயோ, அந்த நேரத்துக்குப் பிள்ளையை எழுப்பச் சொல்லிட்டு, அவ எழுப்பலைன்னதும் "கோர்ட் உத்தரவை மீறிட்டா"ன்னு ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்படாது.

சட்டக் கமிஷன் 2015-லயே தன்னோட 257-ஆவது அறிக்கையில, ரெண்டு பேரும் சேர்ந்து பிள்ளையை வளர்க்க வழி பண்ணணும்னு எழுதிக் குடுத்தாச்சு. அரசாங்கம் பத்திரமா அலமாரியில வச்சிருக்கு. நீரு அதுக்குக் காத்திருந்தீருன்னா உம்ம மவ பேரன் பேத்தி எடுத்திருப்பா. அதுக்குப் பதிலா சமரச மையத்துக்குப் போவும். மெட்ராஸ் ஐகோர்ட்டுல 2005-லயே ஆரம்பிச்சாங்க, இந்தியாவுல அந்த மாதிரி முதல்ல வந்தது அதுதான். ஜில்லாக் கோர்ட்டுலயும் இருக்கு. அங்கன பேசுறது வெளிய போகாது, யாரும் யாரையும் குறுக்கு விசாரணை பண்ண மாட்டாங்க. குடும்பக் கோர்ட்டுச் சட்டம் 1984-லயே, முதல்ல சேர்த்துவைக்கப் பாரு, பொறவு தீர்ப்பு எழுதுன்னுதான் ஜட்ஜுக்குச் சொல்லியிருக்கு. வக்கீல் வைக்கிறது அங்கன உரிமை கிடையாது, ஜட்ஜு பார்த்து விட்டாத்தான் உண்டு. இதை உம்ம வக்கீல் உமக்குச் சொன்னாரா? சொல்லியிருக்க மாட்டாரு. மீன் விக்கிறவன் மீனு நாறுதுன்னு சொல்லுவானா.

இப்ப பொம்மைக்கு வாரேன். போன தடவை கப்பல்ல இருந்து வரும்போது பிள்ளைக்கு ஆளுயர டெடிபேர் ஒண்ணைக் கொண்டாந்தீரு. ராயபுரத்து வீட்டுல அதை வைக்க இடமில்லாம, மச்சான் அதை மாடியில துணிக்கொடிக்குப் பக்கத்துல நிறுத்தி வச்சிருக்கானாம். காக்கா உக்காருதாம். இதுக்கும் நம்மூர்ல ஒரு கதை இருக்கு. இங்கன பக்கத்துல காட்டுநாயக்கன்பட்டியில 1867-ல பொறந்த சங்கரதாஸ் சுவாமிகள், 'பவளக்கொடி'ன்னு நாடகமே எழுதியிருக்காரு. 1934-ல பாகவதரோட முதல் படமாவும் வந்துச்சு. கதை என்ன? அல்லி ராணி மதுரையில தனியா ஆளுதா. அர்ச்சுனன் புருசன், பேருக்குத்தான். அவன் என்னிக்கு வந்தான், என்னிக்குப் போனான்னு அவனுக்கே தெரியாது, உம்ம மாதிரி. பிள்ளை புலந்திரன் விளையாடப் பவளத் தேர் வேணும்னு அழுதான். அப்பன் என்ன செய்யணும்? உக்காந்து ரெண்டு கட்டையை ஒட்டி ஒரு தேர் செஞ்சு, நூலைக் கட்டி இழுத்து, பிள்ளையோட ஒரு நாள் பூரா தெருவுல ஓடணும். அர்ச்சுனன் பவளம் கொண்டாரேன்னு கடல் தாண்டிப் போயிட்டான். போன இடத்துல பவளக்கொடியைப் பார்த்தான், கண்ணாலம் முடிஞ்சு போச்சு. பிள்ளைக்குப் பொம்மை வாங்கப் போனவன் பொண்டாட்டியோட நிக்கான்! அல்லி கையில வாளை எடுத்தது அநியாயமா, சொல்லும்.

நீரு அப்படிப் போக மாட்டீரு, தெரியும். அவ்வளவு சாமர்த்தியம் உமக்கு இல்லை.

கோர்ட்டு சொல்லி முதல் தடவை பிள்ளையைப் பார்க்கப் போற நாளை நினைச்சுக்கிடும். வராந்தாவுல ஒரு பெஞ்சு இருக்கும். கூட்டம் இருக்கும். பிள்ளை அம்மா சேலையைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னால நிக்கும், ஒரு கண்ணு மட்டும் வெளிய தெரியும். நீரு உடனே "அப்பாகிட்ட வாடா தங்கம்"னு கையைப் பிடிச்சு இழுப்பீரு. பிள்ளை கத்தும். மச்சான் முன்னால வருவான். போலீஸ்காரன் எட்டிப் பார்ப்பான். சந்திப்பு முடிஞ்சது. அதுக்குப் பதிலா தரையில உக்காரும். பேண்ட்டு அழுக்காகட்டும். போனைப் பைக்குள்ள போட்டிரும், செல்ஃபி கேக்கப்படாது. கையில ஒரு நீளக் கயிறு வச்சுக்கிட்டு, கப்பல்ல நீரு தினம் போடுற முடிச்சு இருக்குல்லா, அதுல ஒண்ணைப் போடும், அவிழும், மறுபடி போடும். பிள்ளையைப் பார்க்காமலே போடும். அரை மணி நேரம் ஒண்ணும் நடக்காது. உமக்கு அழுகை வரும், அடக்கிக்கிடும். பொறவு ஒரு சின்னக் கை வந்து அந்தக் கயித்தைத் தொடும். அப்பவும் பேசாதீரும். எப்படி அவிழ்க்கிறதுன்னு அதுவே கேக்கட்டும். நேரம் முடிஞ்சதும் நீரே முதல்ல எந்திரிச்சு "அம்மாகிட்ட போ"ன்னு சொல்லும். அதைச் சொல்லுதப்போ உம்ம பொண்டாட்டி உம்மைப் பார்ப்பா. நீரு பார்க்காத மாதிரி இருந்துக்கிடும்.

பிள்ளைகிட்ட மூணே மூணு விசயம் கேக்கப்படாது. அம்மா யார்கூடப் பேசுதா, மாமா என்னைப் பத்தி என்ன சொன்னாரு, உனக்கு அப்பா பிடிக்குமா அம்மா பிடிக்குமா. இந்த மூணாவதைக் கேக்கறவனைக் கடல்ல தூக்கிப் போடலாம், பாவம் கிடையாது.

இந்த ஆட்கொணர்வு மனுப் பேச்சை விட்டிரும். மதுரை ஐகோர்ட்டுல போட்டா ஒரு வாரத்துல பிள்ளையைக் கொண்டாந்து நிறுத்திருவாங்கன்னு எவனோ சொன்னான்னு ஆடுதீரே, தாய்கிட்ட இருக்க பிள்ளையை எவனும் கடத்திக்கிட்டுப் போகலை. ஸ்கூல் வாசல்ல போய் நின்னு தூக்கிக்கிட்டு வந்திரலாம்னு உம்ம கூட்டாளி ஒருத்தன் யோசனை சொன்னானாமே. அவனுக்குப் பிள்ளை இருக்கா? கண்ணாலமே ஆகலையா? அதான பார்த்தேன்.

தூத்துக்குடி மனுவை வாபஸ் வாங்கும். ராயபுரத்துக்கு ஏத்த கோர்ட்டுல புதுசாப் போடும், பத்துப் பக்கத்தையும் கிழிச்சுப் போட்டுட்டு அந்த ஒரு பாராவைப் பெருசாக்கும். தேதியைத் திருத்தும். அவளுக்கு வக்கீல் செலவுக்கு வழியில்லைன்னா சட்டப் பணிகள் ஆணைக்குழுவுல பொம்பளைங்களுக்கும் பிள்ளைங்களுக்கும் வருமானமே பார்க்காம இலவசமா வக்கீல் குடுப்பாங்க, 15100-ன்னு நம்பர். அதை அவளுக்கு நீரு சொல்ல வேண்டாம், மச்சானுக்குச் சொல்லும். எதிராளிக்கு வக்கீல் பிடிச்சுக் குடுக்கிற கிறுக்கன் எவம்னு அவன் ஒரு ராத்திரி பூரா யோசிப்பான். யோசிக்கட்டும்.

வெள்ளிக்கிழமை முத்துநகர் எக்ஸ்பிரஸ்ல டிக்கெட் போட்டிருக்கீரு, சரி. மக்ரூன் வாங்கிட்டுப் போறேன்னீரு, அதுலதான் எனக்குச் சந்தேகம். அது பூரா முந்திரியும் முட்டை வெள்ளைக்கருவும். உம்ம பிள்ளைக்கு முந்திரி ஒத்துக்கிடுமா? தெரியாதா? ஏழு வயசுப் பிள்ளை என்ன தின்னா என்ன ஆகும்னு தெரியாமலா சனி ஞாயிறு கேட்டு மனுப் போட்டீரு? போனை எடும். வக்கீல் நம்பரை இல்லை, அவ நம்பரை. "பாப்பாவுக்கு முந்திரி குடுக்கலாமா?" அவ்வளவுதான் அடிக்கணும். நலமா வேண்டாம், மன்னிச்சிரு வேண்டாம், மனுவைப் பத்தி மூச்சு விடக் கூடாது.

என்ன பார்க்கீரு, அடியும். கை நடுங்குதாக்கும்? நான் வேணா அந்தப் பக்கம் திரும்பிக்கிடுதேன்.